கோயில் பின்புறக் காய்கறித் தோட்டம்: வேலிக்குப் பணம் கிடைத்தது, தண்ணீருக்கு யாரிடம் கேட்பது?

முருங்கைக்காரி, சாட்ஸ்வர்த்:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகளைச் சூறையாடிய வாரம் ஞாபகம் இருக்கும். ரொட்டிக்கும் பாலுக்கும் விடியுமுன் வரிசையில் நின்றோம். எங்கள் தெருவில் பூசணியும் மடும்பிக் கிழங்கும் (சேப்பங்கிழங்கு வகை) போட்டிருந்த இரண்டு வீடுகள்தான் அன்று அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தன. அது மனதில் தைத்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த சரிவை நாங்கள் பதினோரு பெண்கள் சேர்ந்து கொத்தினோம். இப்போது டபுள் பீன்ஸ், கத்தரி, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் வருகிறது. தனியாக இருக்கும் வயதான ஆயாக்களுக்கு வாரம் ஒரு பை இலவசம், மற்றவர்களுக்குச் சந்தையில் பாதி விலை. புரட்டாசியில் ஊரே மரக்கறிக்கு மாறுகிறதே, அப்போது அந்தப் பை எவ்வளவு பெரிய உதவி என்று வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

போன வருடம் ஒரு நிறுவனம் பணம் தந்தது. வேலி, மண்வெட்டி, பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. திறப்பு விழாவில் படமும் எடுத்தார்கள். தண்ணீர் பில்லுக்கும், தினமும் காலையில் வந்து பாத்தி பார்க்கும் ஜூலு அம்மாவின் கூலிக்கும் கேட்டபோது, நடைமுறைச் செலவுக்குத் தருவதில்லை என்றார்கள். ஆகஸ்ட்டில் ஒரு சொட்டு மழை இல்லை. ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மார்ஜரின் டப்பாக்களில் வளர்த்து நட்ட கத்தரி நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. இலையைத் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மிஞ்சிய தக்காளியைக் குரங்குகள் ஒரு கடி கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் டப்பாக்களைப் பொறுக்கிக் கழுவி வைத்தார்.

வேலி இல்லாமல்கூடச் சமாளிப்போம். தண்ணீரும் ஒரு ஆளும் இல்லாமல் தோட்டம் இல்லை. இதற்கு எப்படிப் பணம் திரட்டுவது?

கணக்கர், ஃபீனிக்ஸ்:
அக்கா, நிலத்துக்குக் கோயில் கமிட்டியிடம் எழுத்தில் ஏதாவது வாங்கினீர்களா? வாய்ப்பேச்சை நம்பி யாரும் பெரிய தொகை தரமாட்டார்கள். குறைந்தது ஐந்து வருடத்துக்குக் கடிதம் வாங்குங்கள். பிறகு சமூக வளர்ச்சித் துறையில் 1997 சட்டப்படி லாபநோக்கற்ற அமைப்பாகப் பதியுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கணக்கு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் வருடாந்தர அறிக்கை போட வேண்டும். பலர் கோட்டை விடுவது அங்கேதான். வரி அலுவலகத்தில் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு ஒப்புதலும் கிடைத்தால், தருகிறவர்களுக்கு வரிக்கழிவு உண்டு. உள்ளூர்க் கடைக்காரர்கள் முதலில் கேட்பதே அந்த ரசீதைத்தான்.

அடுத்த விண்ணப்பத்தில் தண்ணீரையும் கூலியையும் முதல் வரியில் போடுங்கள். எத்தனை வீட்டுக்கு எத்தனை பை போனது என்ற நோட்டையும் சேர்த்து வையுங்கள்.

டொங்காட் தாத்தா:
அம்மா, என் அப்பா குத்தகை நிலத்தில் கீரை போட்டு, ராத்திரியே கட்டி, வார்விக் அதிகாலைச் சந்தைக்குக் கொண்டுபோனவர். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிகள் சட்டத்தில் அந்த மண்ணும் போய்விட்டது. காகிதம் வாங்கச் சொன்ன தம்பி பேச்சைத் தட்டாதே.

தண்ணீருக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கோயில் மண்டபக் கூரை 100 சதுர மீட்டர் இருந்தால், 50 மில்லிமீட்டர் மழைக்கு 5000 லிட்டர் ஜோஜோ (பிளாஸ்டிக்) தொட்டி கிட்டத்தட்ட நிறையும். நாளைக்கு 200 லிட்டர் ஊற்றினால் 25 நாள் வரும். இங்கத்து மழையில்லாத குளிர்காலம் முழுக்கத் தாங்காது, ஆனால் நாற்றைக் காப்பாற்றும். நிறைந்த தொட்டி ஐந்து டன் கனம், சரிவில் அப்படியே வைத்துவிடாதே. பாத்தி மேல் கரும்புத் தோகையை மூடாக்காகப் போட்டால் குறைந்த தண்ணீரே போதும். தோகை என்னிடம் இருக்கிறது, லாரிதான் நீ அனுப்ப வேண்டும்.

மெரேபேங்க் மீனா:
கூலிக்கு மானியத்தையே எதிர்பார்க்க வேண்டாம் அக்கா. நாங்கள் ஸ்டொக்வெல் (இங்கத்துக் கூட்டுச் சேமிப்புக் குழு) மாதிரி சீட்டுப் போட்டோம். பை வாங்கும் வீடுகள் மாதம் முன்பணம் கட்டும், அந்தப் பணம் முதலில் கூலிக்குப் போகும், மிச்சம்தான் விதைக்கு. முடியாதவர்களின் பங்கை மற்றவர்கள் கட்டுகிறோம். யார் பங்கை யார் கட்டினார்கள் என்று வெளியே சொல்வதில்லை.

முருங்கைக்காரி:
தாத்தா, படித்ததும் மண்டபத்துக்கு ஓடிப்போய் டேப் வைத்து அளந்தேன். 12 மீட்டருக்கு 9 மீட்டர், 108 சதுர மீட்டர் வருகிறது. கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது, கடிதம் கேட்கிறேன். மீனா, பெயர் வெளியே தெரியாமல் நோட்டு எப்படி எழுதுகிறீர்கள் என்று தனியாகச் சொல்லுங்கள். ஆயாக்கள் இலவசப் பை வாங்கவே கூச்சப்படுகிறார்கள். தொட்டிக்குச் சரிவில் மேடை கட்டத் தெரிந்த கொத்தனார் யாராவது சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கிறாரா?