நெதர்லாந்திலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவிக்கு வேலையிட ஆங்கிலம்: நாம் எதைச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: திருப்பூர் மெர்ச்சண்டைசர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்தது முதல் சரக்கு போகும் வரை பையரோடு பேசிக் கவனிப்பவராக, வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் நெதர்லாந்து பையர் ஒருவரின் பரிந்துரையில், அந்நாட்டுத் தொழிற்கல்வி மாணவி ஒருவர் அடுத்த மாதம் முதல் பத்து வாரங்கள் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அவர் அனுப்பிய முதல் மெயிலிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. "உங்கள் நிறுவனத்தில் என்னுடைய ஸ்டேஜைச் செய்ய ஆசைப்படுகிறேன்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த எங்கள் முதலாளி, "ஏனம்மா, ஆண்டு விழாவுக்கு ஆடுறதுக்கு வர்றாங்களா?" என்று கேட்டார். இரண்டாவது மெயிலில்தான் விஷயம் விளங்கியது. ஆடைத் தயாரிப்பைக் கற்பதோடு, வேலையிடத்தில் பயன்படும் ஆங்கிலத்தில் பழகுவதும் அவருடைய பயிற்சி நோக்கங்களில் ஒன்று என்றும், அதில் எவ்வளவு முன்னேறினார் என்பதற்கு நான் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நாம் ஆங்கிலம் சொல்லித் தருவதா என்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் தமிழ் வழியில் படித்தவள். பனியன் கம்பெனியில் சேர்ந்த பிறகு, பையர் மெயில்களைப் படித்துப் படித்தே ஆங்கிலம் கற்றேன். அவருடைய ஆங்கிலம் உண்மையில் எந்த அளவில் இருக்கும், அவருக்கு எத்தகைய வேலைகளைக் கொடுக்கலாம், தவறாகப் பேசினால் நான் திருத்தலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கோபிக்காரர், ஐன்ட்ஹோவன்

சகோதரிக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். இப்போது குடும்பத்தோடு நெதர்லாந்தில் இருக்கிறோம். என் மகளும் இங்கே எம்பிஓ என்னும் தொழிற்கல்விதான் படிக்கிறாள். முதலில் அந்த ஸ்டேஜ். டச்சு மொழியில் ஏறக்குறைய 'ஸ்டாஷ' என்று ஒலிக்கும் அந்தச் சொல்லுக்குத் தொழிற்பயிற்சி என்று பொருள். எழுத்தில் ஆங்கில மேடையைப் போலவே இருப்பதால் இங்குள்ள பிள்ளைகள் அப்படியே எழுதிவிடுவார்கள்.

எம்பிஓவை நம் ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் நடுவில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். அதில் நான்கு நிலைகள் உண்டு. பள்ளியை முதன்மையாகக் கொண்ட வழியில் படிப்புக் காலத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு வேலையிடத்தில் கழிய வேண்டும். வேலையை முதன்மையாகக் கொண்ட வழியில் அது 60 விழுக்காடு அல்லது அதற்கும் மேல். நான்காம் நிலை மாணவர்களுக்கு ஆங்கிலம் கட்டாயம். வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு பி1 தரத்திலும், பேசுவதற்கும் எழுதுவதற்கும் பள்ளியே நடத்தும் தேர்வு ஏ2 தரத்திலும் அமைகின்றன. ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோலில் ஏ2 என்பது கீழிருந்து இரண்டாவது படிதான். ஆகவே வெள்ளைக்காரர் என்றால் ஆங்கிலம் தாய்ப்பால் என்று எண்ண வேண்டாம். அவருக்கும் அது பள்ளியில் கற்ற அயல்மொழியே.

ஆனால் அவர் பேசத் தொடங்கியதும் உங்களுக்குச் சந்தேகம் வரும். இங்கே ஆங்கிலத் தொடர்களைக் குரல் மாற்றாமல், கீழே எழுத்துகளை மட்டும் போட்டு ஒளிபரப்புகிறார்கள். சிறு வயதிலிருந்தே ஆங்கிலம் காதில் விழுகிறது. அதனால் அரட்டை சரளமாக வரும். வாடிக்கையாளருக்கு ஒரு முறையான மெயில் எழுதச் சொன்னால் மட்டும் தடுமாறுவார்கள். நம் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு: விண்ணப்பம் எழுதுவார்கள், வாய் திறக்க அஞ்சுவார்கள்.

மூன்று இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். அவர் 'ஈவென்ச்சுவலி' என்று எழுதினால், அது 'கடைசியில்' என்ற பொருளில் இருக்காது. 'தேவைப்பட்டால்' என்ற பொருள்தரும் 'எவென்டுவேல்' என்ற டச்சுச் சொல்லின் நிழலாக இருக்கக்கூடும். 'ஹாஃப் டென்' என்று நேரம் சொன்னால் திருப்பிக் கேளுங்கள். ஆங்கிலேயர் பேச்சில் அது பத்தரை. டச்சுக்காரர் கணக்கில் பத்தை நோக்கி அரை மணி, அதாவது ஒன்பதரை. அடுத்தது இரட்டை இலக்க எண்கள். டச்சில் இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று ஒன்றின் இலக்கத்தை முன்னால் வைத்தே சொல்வார்கள். அவசரத்தில் ஆங்கிலத்தில் பேசும்போது 25 என்பது 52 ஆகிவிடுவதை என் மகளிடமே கேட்டிருக்கிறேன்.

பதில் 2: தரக் கட்டுப்பாடு, அவினாசி

மேலே அண்ணன் சொன்ன எண் சிக்கல் வாயோடு நிற்பதில்லை, எழுத்திலும் உண்டு. அவர்கள் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். மெஷர்மென்ட் சார்ட்டில் 0,5 என்று இருந்தால் அரை சென்டிமீட்டர். ஆர்டர் தாளில் 1.500 என்று இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு பீஸ். நம்முடைய 1,50,000 என்ற எழுத்து முறையைப் பார்த்து அவர்களும் அதே அளவுக்கு விழிப்பார்கள். எனவே முதல் நாளே அவரை உட்கார வைத்து, உங்கள் சார்ட் ஒன்றை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

வாரக் கணக்கை மட்டும் நீங்கள் அவரிடமிருந்து கற்கலாம். 'வீக் 34 டெலிவரி' என்று பையர் எழுதினால், அது ஆகஸ்ட் மாதப் பிற்பகுதி. ஜனவரி 4ஆம் தேதி விழும் வாரமே முதல் வாரம், வாரம் திங்களன்று தொடங்கும் என்பது தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601இன் விதி. நம் ஆட்கள் பலர் இன்னும் காலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி என் அனுபவம். முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஒரு டச்சு இளைஞர் பயிற்சிக்கு வந்திருந்தார். செக்கிங் மேசையில் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக் கழுத்தைக் காட்டி, "ரிப், நாட் குட்" என்றார். அவர் சொன்னது கழுத்துப் பட்டியில் வைத்துத் தைக்கும் ரிப் துணியை. அதன் ஷேட் (நிறச் சாயல்) உடல் துணியோடு ஒத்துப்போகவில்லை. கிழிசலுக்கும் ஆங்கிலத்தில் ஒரு 'ரிப்' உண்டு. முதலாவது ஆங்கில எழுத்து வரிசையின் இரண்டாம் எழுத்தில் முடிகிறது, மற்றது பதினாறாம் எழுத்தில் முடிகிறது. டச்சுக்காரர் நாவில் சொல்லின் கடைசியில் வரும் அந்த இரண்டாம் எழுத்து பதினாறாம் எழுத்தாகவே ஒலிக்கும். நமக்கோ தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப்'தான். எங்கள் செக்கர் அக்கா அந்தக் கட்டில் இருந்த பீஸ்களை எல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், கிழிசல் எங்கீங்க இருக்குது, ஒண்ணையுங் காணமே?" என்று என்னிடம் வந்தார். அந்த இளைஞரோ, இவ்வளவு பெரிய ஷேட் வேறுபாடு இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் வீணான பிறகே இருவரையும் ஒரே பீஸைத் தொட்டுப் பேச வைத்தேன்.

அதன் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். கிழிசலை 'டேர்' என்றும், ஓட்டையை 'ஹோல்' என்றும், பட்டித் துணியை 'நெக் ரிப் ஃபேப்ரிக்' என்று மூன்று சொல்லாகவும் சொல்ல வேண்டும். சொல்லும்போது விரல் அந்த இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் மாணவிக்கும் அலுவலக நாற்காலியைவிடச் செக்கிங் மேசையிலேயே அதிக ஆங்கிலம் கிடைக்கும். முதல் இரண்டு வாரங்கள் டிஃபெக்ட் ரிப்போர்ட்டை அவரே எழுதட்டும்.

கேள்வி கேட்டவர்: திருப்பூர் மெர்ச்சண்டைசர்

இருவருக்கும் மிக்க நன்றி. 'ஈவென்ச்சுவலி' என்ற சொல்லால் நாங்களும் ஒரு முறை அடிபட்டிருக்கிறோம். நிறம் கடைசியில் மாறும் என்று பொருள்கொண்டு டையிங்கை (துணிக்குச் சாயமேற்றுவதை) நிறுத்தி வைத்திருந்தோம். பையர் தரப்பில் அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை என்பது நான்கு நாட்கள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குக் காரணம் என்னவென்று இன்றுதான் புரிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நேற்று அந்த மாணவியிடமிருந்து வந்த மெயிலில், "எனக்கு உங்களிடமிருந்து ஒரு லேப்டாப் வேண்டும். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள்" என்ற பொருளில், 'ஐ வான்ட்' என்று தொடங்கி, வணக்கமும் இல்லாமல் நன்றியும் இல்லாமல் இரண்டே வரிகள் இருந்தன. எங்கள் எச்ஆர் அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்கிறார். வருவதற்கு முன்பே கசப்பு வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பதில் 3: ஓய்வு பெற்ற ஐடிஐ ஆசிரியர், கோவை

அம்மணி, அந்த எச்ஆர் அதிகாரியைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். கோவையில் பம்ப் உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்குப் பயிற்சியளிக்கச் சென்ற காலத்தில் டச்சுப் பொறியாளர்களோடு பழகியிருக்கிறேன். அவர்கள் மொழியில் ஒன்றைக் கேட்கும்போது 'க்ராக்' என்று ஒரு சிறு சொல்லைச் சேர்ப்பார்கள். 'மகிழ்ச்சியோடு' என்று அதற்குப் பொருள். 'வேண்டும்' என்பதை அது மென்மையாக்கிவிடும். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அந்தச் சொல்லுக்கு இடம் கிடைக்காமல் உதிர்ந்துவிடுகிறது. மொட்டையான 'ஐ வான்ட்' மட்டும் மிஞ்சுகிறது. நம் ஊரிலும் இதே கதைதான். "ஒரு ஸ்பேனர் வேணுங்க" என்று பணிவாகக் கேட்கும் பையன், ஆங்கிலத்தில் "ஐ வான்ட் ஸ்பேனர்" என்பான். அந்த 'ங்க' எங்கே போயிற்று? கொங்கு நாட்டு மரியாதை முழுவதும் அந்த ஒற்றை விகுதியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஓர் எழுத்துகூட இல்லை. 'குட் ஐ' (நான் செய்யலாமா), 'வுட் இட் பி பாஸிபிள்' (இயலுமா) என்று வாக்கியத்தின் தலையிலேயே அதை ஏற்ற வேண்டியிருக்கிறது. இதை அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். உங்களைவிடத் தகுதியான ஆசிரியர் அவருக்குக் கிடைக்க மாட்டார், ஏனெனில் நீங்களும் அதே பள்ளத்தைத் தாண்டி வந்தவர்.

திருத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்டு இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். பீஸ், அளவு, நேரம், தேதி ஆகியவற்றில் பிழை வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். நான் லேத் வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். எந்தக் கேள்விக்கும் "எஸ் சார்" என்றே பதில் வரும். அதன்பின் ஜாப் ரிஜெக்ட் ஆகும். அதற்குப் பதிலாக, "இப்போது என்ன செய்யப் போகிறாய், சொல் பார்ப்போம்" என்று மாணவன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தேன். நீங்கள் அவருக்கு ஒரு வேலை சொன்னதும் அவர் திருப்பிச் சொல்லட்டும். அவர் சொல்வதை உங்கள் ஆட்களும் திருப்பிச் சொல்லட்டும். நம்மவர்கள் 'ஓகே மேடம்' என்றால் காதில் விழுந்தது என்று பொருள், வேலை முடிந்தது என்று பொருளல்ல என்பதையும் அவருக்கு முதல் நாளே விளக்கிவிடுங்கள்.

நம் பக்க ஆங்கிலத்திலும் அவருக்குப் புரியாதவை உண்டு. "ஐ ஹேவ் எ டவுட்" என்று நம் பையன் கேள்வி கேட்க வந்தால், தன்னை நம்பவில்லையோ என்று அவர் எண்ணக்கூடும். "டூ த நீட்ஃபுல்" (வேண்டியதைச் செய்யவும்) என்று எழுதினால் எதைச் செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். ஆகையால் அந்தப் பத்து வாரங்களுக்கு உங்கள் பிரிவும் தன் மெயில்களைக் கொஞ்சம் துலக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்: திருப்பூர் மெர்ச்சண்டைசர்

ஐயா சொன்னதை எச்ஆர் அதிகாரியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "அந்த 'ங்க' விஷயம் சரிதானுங்க" என்று சிரித்துவிட்டார். மாணவிக்கும் பதில் அனுப்பிவிட்டேன். லேப்டாப் தருகிறோம் என்றும், முதல் இரண்டு வாரங்கள் செக்கிங் பிரிவில் இருப்பார் என்றும் எழுதினேன். வர வேண்டிய நேரத்தைச் சொல்லால் எழுதாமல் காலை 9.30 என்று எண்ணிலேயே குறிப்பிட்டு, அதைத் தன் சொற்களில் திருப்பி எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.