உதவி: ஆபீஸுக்கும் மண்பாதைக்கும் சேர்த்து ஒரே எலக்ட்ரிக் எம்டிபி (மவுன்டன் சைக்கிள்), எது வாங்கலாம்? அவசரம்

வடவள்ளி_விக்கி:
வணக்கம். எலக்ட்ரிக் எம்டிபி ஒன்று வாங்க வேண்டும். வார நாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் மண்பாதை. கடையில் இரண்டு வண்டி பார்த்தேன். இரண்டும் 250 வாட், ஒன்று மட்டும் விலை கூட. எதை எடுக்கலாம்? சனிக்கிழமையோடு தள்ளுபடி முடிகிறதாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

செயின்_லிங்க்:
எந்த இரண்டு வண்டி? ஆபீஸ் எவ்வளவு தூரம்? உங்கள் எடை, உயரம், பட்ஜெட்? 250 வாட் என்பதை வைத்து எதையும் தேர்வு செய்ய முடியாது. பதிவு எண்ணும் லைசென்ஸும் இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் எல்லாக் கம்பெனியும் அந்த எண்ணைத்தான் போடுகிறது. பேட்டரி எத்தனை ஆம்பியர் அவர் (கொள்ளளவு), பெடல் சென்சார் எந்த வகை, பிரேக் எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

டார்க்_தம்பி:
ப்ரோ, கடை வண்டியே வேண்டாம். வீட்டில் பழைய எம்டிபி இருந்தால் டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 மோட்டார் கிட் போடுங்கள். மிட் டிரைவ் (பெடல் அச்சில் மோட்டார்), டார்க் சென்சார் (மிதிக்கும் அழுத்தத்தை அளப்பது) இரண்டும் அதிலேயே வருகிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டார் சக்கரத்தோடு மட்டும் சுற்றும், உங்கள் கியர் அதற்கு உதவாது. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய கரன்ட் எல்லாம் சூடாகப் போய்விடும். மிட் டிரைவில் மோட்டார் பலமும் செயின் வழியாகத்தான் போகிறது, சின்ன கியருக்கு மாற்றினால் மோட்டாருக்கும் பாரம் குறையும்.

செயின்_லிங்க்:
அவரிடம் பழைய சைக்கிள் இருப்பதாக அவர் சொல்லவே இல்லையே. மிட் டிரைவில் செயினும் பின் கேசட்டும் (கியர் பல்சக்கரங்கள்) சீக்கிரம் தேயும், அதையும் சொல்லுங்கள்.

பெடல்_வாத்தியார்:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. தேடிப் படித்துவிட்டு வந்திருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஃபிரேமில் 'மவுன்டன்' என்று எழுதியிருப்பதால் வண்டி மலை ஏறிவிடாது, தம்பி. பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 1,400 மீட்டர் உயரம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 380 வாட் அவர் மின்சாரம் வேண்டும். மோட்டார் வீணாக்குவது, டயர் உராய்வு எல்லாம் தனி. 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் பேட்டரியில், இரண்டையும் பெருக்கினால், இருப்பதே 360 வாட் அவர். பாதி வேலையைக் காலால் செய்கிறவருக்குத்தான் அது போதும். முதலில் சாதா சைக்கிளில் காலைப் பழக்கிவிட்டு அப்புறம் மோட்டாரைப் பற்றி யோசியுங்கள்.

மூன்றாம்_கியர்:
வாத்தியாரே, அவர் கேட்டது அடிவாரத்து மண்பாதை. குன்னூர் எங்கே வந்தது? முழங்கால் வலியோடு ஆபீஸ் போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் காலைப் பழக்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்றால் பாதிப் பேர் சைக்கிள் பக்கமே வர மாட்டார்கள்.

வடவள்ளி_விக்கி:
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். கோவை அவினாசி ரோடு ஆபீஸ், ஒரு பக்கம் பதினைந்து கி.மீ. இருக்கும். எடை 82. பட்ஜெட் அறுபதாயிரம் வரை. பழைய சைக்கிள் இல்லை. குறைந்த விலை வண்டி 7.65 ஆம்பியர் அவர், மற்றது 13. இரண்டும் 36 வோல்ட். சென்சார் பற்றிக் கேட்கவில்லை. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

செயின்_லிங்க்:
மாடியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! இந்த வண்டிகள் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், தினமும் மூன்று மாடி தூக்க முடியாது. பேட்டரியைத் தனியாகக் கழற்றி மேலே கொண்டுபோய்ச் சார்ஜ் போடும்படி இருக்கிறதா என்று பாருங்கள். கீழே பூட்டி வைக்க இரும்புக் கம்பியோ தூணோ இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாவிட்டால் தள்ளுபடியை விட்டுவிடலாம்.

தூரக் கணக்கு: சமதரையில் நீங்களும் மிதித்தால் ஒரு கி.மீ.க்குப் பத்துப் பன்னிரண்டு வாட் அவர் வைத்துக்கொள்ளலாம். போய்வர முப்பது கி.மீ., அதாவது 300 முதல் 360. சின்ன பேட்டரியில் 275தான் இருக்கிறது, ஆபீஸில் தினமும் சார்ஜ் போட்டாக வேண்டும். 13 என்றால் 468. சில வருடம் ஓடி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் வீடு வந்து சேரும். கூடுதல் விலை இதற்குத்தான், கொடுக்கலாம்.

நொய்யல்_காற்று:
காற்றையும் கணக்கில் சேருங்கள். நானும் அதே பக்கம்தான். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் கிழக்கே போகும்போது முதுகில் தள்ளிக்கொண்டு போகும், ஆபீஸ் போய்ப் பார்த்தால் பேட்டரி நிறைய மிச்சம் இருக்கும். சாயங்காலம் வடவள்ளி திரும்பும்போது முகத்தில் அறையும். மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் பிடித்து வந்தால் பேட்டரி கண்முன்னே இறங்கும். ஆடி முடியும் வரை ஆபீஸிலும் ஒரு சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள்.

டார்க்_தம்பி:
சென்சாரைக் கண்டிப்பாகக் கேளுங்கள் ப்ரோ. கேடன்ஸ் சென்சார் என்றால் பெடல் சுற்றினாலே முழு வேகத்தில் தள்ளும். ரோட்டில் பரவாயில்லை. சரளைக் கல் திருப்பத்தில் நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் தள்ளினால் பின்சக்கரம் வழுக்கும். டார்க் சென்சார் நீங்கள் அழுத்தும் அளவுக்குத்தான் தரும். அந்த விலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

மூன்றாம்_கியர்:
மண்பாதைக்குத் தடாகம் பக்கம் வாருங்கள் விக்கி. செங்கல் சூளைகள் மூடிய பிறகு செம்மண் குழிகளைச் சுற்றி நல்ல ஏற்ற இறக்கம் இருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் வந்தால் வெயிலும் இல்லை.

அடிவாரத்தான்:
தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். அந்த நேரத்தில்தான் யானை வாழைத்தோட்டத்திலிருந்து மலைக்குத் திரும்பும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே போகிறது. பைக் என்றால் சத்தம் கேட்டு யானையும் ஆளும் உஷாராவார்கள். இந்த மோட்டாருக்குச் சத்தமே இல்லை, திருப்பத்தில் நேருக்கு நேர் போய் நிற்பீர்கள். யானை கொஞ்ச தூரத்துக்கு 25 கி.மீ. வேகத்தில் வரும், உங்கள் மோட்டாரும் 25-க்கு மேல் உதவாது. சரளையில் வண்டியைத் திருப்பவே நேரம் இருக்காது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் வருட வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்_கியர்:
நான் சொன்னது காடு இல்லை, பட்டா நிலம். நாங்களும் இந்த ஊர்க்காரர்கள்தான் அண்ணா. எங்கே போகலாம், எங்கே கூடாது என்று தெரியும்.

அடிவாரத்தான்:
உங்களுக்குத் தெரியும் தம்பி. இதைப் படித்துவிட்டுப் புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. பட்டா நிலம் என்றாலும் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வெயில் வந்த பிறகு, கூட்டமாக, ஊர்க்காரர் ஒருவரோடு வாருங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பெடல்_வாத்தியார்:
இதில் அடிவாரத்தான் சொல்வதுதான் சரி. விக்கி, கடையில் 'டிஸ்பிளேயில் செட்டிங் மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன்' என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். 25-ஐத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பதிவும் இல்லை, இன்சூரன்சும் இல்லை. யார்மேலாவது மோதினால் முழுப் பாரமும் உங்கள் தலையில்.

நொய்யல்_காற்று:
இன்னொன்று, சீமைக் கருவேல முள். ட்யூபுக்குள் பஞ்சர் அடைக்கும் சீலன்ட் ஊற்றாமல் மண்பாதையில் இறங்கவே வேண்டாம். 82 கிலோ ஆளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் நல்லது, மழையில் கேபிள் பிரேக்கை அடிக்கடி இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சேறு பிடித்தால் துணியால் துடையுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் வைத்து அடித்தால் மோட்டார் கனெக்டருக்குள் தண்ணீர் போகும்.

வடவள்ளி_விக்கி:
13 ஆம்பியர் அவர் வண்டியையே எடுத்துவிட்டேன். பேட்டரி தனியாக வருகிறது, ஹைட்ராலிக் டிஸ்க். கேடன்ஸ் சென்சார்தான், டார்க் சென்சார் பட்ஜெட்டில் இல்லை. வாட்ச்மேன் அறை ஜன்னல் கம்பியில் பூட்ட அனுமதி கேட்டு வாங்கினேன். அனைவருக்கும் நன்றி.

டார்க்_தம்பி:
வாழ்த்துகள் ப்ரோ. மண்ணில் அசிஸ்ட்டை (மோட்டார் உதவும் அளவு) ஒன்றில் வைத்தே ஓட்டுங்கள், திருப்பத்துக்கு முன்னாலேயே மிதிப்பதை நிறுத்திவிடுங்கள்.

செயின்_லிங்க்:
எந்த மாடல் என்று கடைசி வரை சொல்லவே இல்லையே? இதே கேள்வியோடு வருகிற அடுத்தவருக்கு உதவும்.

நொய்யல்_காற்று:
ஜூனில் சாயங்காலக் காற்றுக்கு எதிராக எத்தனை கி.மீ. வருகிறது என்றும் எழுதுங்கள் விக்கி.