அவசரம்: புது எஸ்எஸ்டி போட்டேன், விண்டோஸ் வர மாட்டேங்குது (சுங்கை சிப்புட், மலேசியா)

செம்பனை72 | இரவு 8.47
வணக்கம். மகனோட கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எஸ்டி (ஹார்ட்டிஸ்க் மாதிரி, ஆனா வேகமான டிஸ்க்) வாங்கி நானே போட்டேன். ஆன் பண்ணா காத்தாடி சுத்துது, லைட் எரியுது, விண்டோஸ் மட்டும் வரல. கருப்பா என்னமோ எழுத்து வந்து நிக்குது. சாமான் கெட்டதா? நாளைக்குக் காலையில அவன் அசைன்மெண்ட் அனுப்பணும். கம்ப்யூட்டர் கடைன்னா ஈப்போதான் போகணும், இந்நேரத்துக்கு அடைச்சிருப்பான். சீக்கிரம் சொல்லுங்க.

கெடாக்காரன் | 8.53
பவர் சப்ளைதான் அண்ணே. கண்ண மூடிக்கிட்டு சொல்வேன். தோட்டத்துப் பக்கம் கரண்டு ஏறி இறங்கும், இடி வேற. எங்க வீட்டுலயும் இதே கதைதான், பவர் சப்ளை மாத்துனேன், சரியாச்சு.

வன்பொருள்_வாத்தியார் | 8.58
"என்னமோ எழுத்து". இதை வச்சு ஜோசியம்தான் பார்க்கலாம். என்ன போர்டு (மதர்போர்டு), என்ன எஸ்எஸ்டி, சாட்டாவா அதைவிட வேகமான என்விஎம்இயா, விண்டோஸ் எந்த டிஸ்க்குல இருக்கு? உதவி கேட்கிறவர் இதையாவது எழுத வேண்டாமா? எத்தனை தடவைதான் சொல்றது.

திருப்புளி_தங்கச்சி | 9.02
அண்ணே பதறாதீங்க. மூணு விஷயம் மட்டும் சொல்லுங்க. அந்த எழுத்து என்னன்னு அப்படியே. எஸ்எஸ்டி சூயிங்கம் பட்டை மாதிரி போர்டுலயே சொருகுறதா, இல்ல கேபிள் மாட்டுற பெட்டியா. பழைய ஹார்ட்டிஸ்க் இன்னும் உள்ளதான் இருக்கா.

செம்பனை72 | 9.21
சூயிங்கம் மாதிரிதான். எழுத்து "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்". பழசு உள்ளதான் இருக்கு, 1 டிபி, விண்டோஸ் அதுலதான். அதை நான் தொடவே இல்லையே.

கெடாக்காரன் | 9.24
பாருங்க, ரெண்டு டிஸ்க்குக்கும் கரண்டு பத்தல. அதான் பழசும் படுத்துடுச்சு.

திருப்புளி_தங்கச்சி | 9.26
இந்தச் சின்ன எஸ்எஸ்டி இழுக்கிறது சில வாட்டுதான் அண்ணே, அதுக்காக பவர் சப்ளை சாயாது. செம்பனை அண்ணே, நீங்க தொடாத பழசு இப்போ காணாமப் போச்சு, அதுதான் எனக்கு இடிக்குது. எஸ்எஸ்டியில தங்கப் பல்லு வரிசை இருக்கே, அதுல வெட்டு ஒண்ணா ரெண்டா? போர்டு என்ன?

செம்பனை72 | 9.40
ரெண்டு வெட்டு. சிபியு ஐ5, 7-வது ஜென் (தலைமுறை), போர்டுல பி250ன்னு போட்டிருக்கு. பூனை வேற உள்ள தலையை விடுது.

திருப்புளி_தங்கச்சி | 9.44
ரெண்டு வெட்டுன்னா சாட்டா வகை. இந்தக் காலத்து போர்டு பலதுல ஒரு சங்கதி உண்டு. எம்.2 துவாரத்துல, அதான் அந்தச் சூயிங்கம் பட்டை சொருகுற இடத்துல, சாட்டா எஸ்எஸ்டி சொருகினா, போர்டுல இருக்கிற சாட்டா துவாரங்கள்ல ஒண்ணு தானா செத்துடும். ரெண்டுக்கும் போற பாதை ஒண்ணுதான், ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் எழுந்து இடம் கொடுக்கணும். உங்க பழைய ஹார்ட்டிஸ்க் அந்தத் துவாரத்துலயே மாட்டியிருக்கணும்.

வன்பொருள்_வாத்தியார் | 9.49
திருத்தம். ரெண்டு வெட்டு இருந்தாலே சாட்டா என்று முடிவு கட்டக் கூடாது. பிசிஐஇ என்கிற வேகப் பாதையில் ரெண்டு லேன் மட்டும் ஓடுகிற என்விஎம்இ சிலதுக்கும் ரெண்டு வெட்டு உண்டு. ஸ்டிக்கரைப் படிக்கணும். அடிப்படை.

திருப்புளி_தங்கச்சி | 9.50
சரிங்க வாத்தியாரே. அண்ணே, ஸ்டிக்கர்ல என்ன இருக்கு?

செம்பனை72 | 9.55
சாட்டா 6ஜிபி/எஸ். 500 ஜிபி.

திருப்புளி_தங்கச்சி | 9.57
அப்போ அதேதான். கம்ப்யூட்டரை அணைச்சு, சுவத்துலேர்ந்து பிளக்கையும் பிடுங்கிடுங்க. ஹார்ட்டிஸ்க்குலேர்ந்து வர்ற சப்பைக் கேபிள் போர்டுல எங்க போகுதுன்னு பாருங்க, பக்கத்துல சாட்டா1, 2ன்னு பொடி எழுத்து இருக்கும். அதை வேற நம்பருக்கு மாத்துங்க. அவ்வளவுதான். பூனையை வெளிய விட்டுட்டுச் செய்யுங்க.

செம்பனை72 | 10.19
சாட்டா1ல இருந்தது, 3க்கு மாத்தினேன். விண்டோஸ் வந்துருச்சு!! ஆனா புதுசு கம்ப்யூட்டருக்குள்ள எங்கயும் தெரியல. சி மட்டும்தான் இருக்கு.

திருப்புளி_தங்கச்சி | 10.23
வெறும் டிஸ்க் அப்படித்தான், கோடு போடாத நோட்டு. ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மெண்ட் போங்க. இனிஷியலைஸ் கேட்டா ஜிபிடின்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் கறுப்புப் பட்டையில வலது கிளிக், நியூ சிம்பிள் வால்யூம். ஒரே ஒரு எச்சரிக்கை: நம்பரைப் பார்த்துட்டு கை வைங்க. 931.51 காட்டுறது உங்க பழசு, அது பக்கமே போகாதீங்க. 465.76 காட்டுறதுதான் புதுசு.

பழைய_கிராணி | 10.31
500ன்னு காசு வாங்கிட்டு 465 கொடுக்கிறானா? எங்க தோட்டத்துல ரப்பர் பால் நிறுத்த மாதிரியே இருக்கு. வாளியில பத்து கிலோ வந்தா, தண்ணி போக மூணு மூணரைதான் ஏட்டுல ஏறும்.

வன்பொருள்_வாத்தியார் | 10.36
யாரும் எதையும் கழிக்கவில்லை ஐயா. தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1024ஐ மூணு தடவை பெருக்கி 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. சரக்கு அதேதான். இந்தக் குழப்பம் தீரத்தான் 1998-லேயே ஐஇசி என்ற சர்வதேச தரநிர்ணய அமைப்பு பெரிய கணக்குக்கு ஜிபிபைட் என்று தனிப்பெயர் வைத்தது. விண்டோஸ் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய_கிராணி | 10.41
ஆக, ரெண்டு தராசு. நான் தராசுக்குப் பின்னாடி நின்னவன் தம்பி. ரெண்டு தராசு இருந்தா வாங்குறவன் எதுல நிறுப்பான், விக்கிறவன் எதுல நிறுப்பான்னு எனக்கு நல்லாவே தெரியும்.

வன்பொருள்_வாத்தியார் | 10.44
இது கணிதம். தோட்டத்துக் கணக்கு இல்லை. ஆப்பிள் 2009-லிருந்து பத்தின் கணக்கில்தான் காட்டுகிறது, அதே டிஸ்க் அங்கே 500 என்றே தெரியும்.

பழைய_கிராணி | 10.46
அப்போ அவன் தராசைப் பெட்டிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டான். நான் சொன்னதுதானே.

கெடாக்காரன் | 10.49
ஹாஹா. கிராணி ஐயா பக்கம் நான்.

வன்பொருள்_வாத்தியார் | 10.55
உருப்படியாக ஒன்று. இந்த 7-வது ஜென் ஐ5 விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை, அங்கே பெரும்பாலும் 8-வது ஜென்னிலிருந்துதான். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. இந்த வயசான பெட்டிக்கு எஸ்எஸ்டி வாங்கும் முன் கேட்டிருக்கலாம்.

திருப்புளி_தங்கச்சி | 10.58
இருக்கிறதை வச்சு ஓட்டுற வீட்டுல அந்த எஸ்எஸ்டிதான் பெரிய வித்தியாசம் வாத்தியாரே. ஹார்ட்டிஸ்க் நொடிக்கு நூத்துச் சொச்சம் எம்பி, சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல. செம்பனை அண்ணே, விண்டோஸ் புதுசுக்கு மாறினாத்தான் அந்த வேகம் கிடைக்கும். ஆனா இன்னிக்கு ராத்திரி பழசை அப்படியே புதுசுக்கு நகல் எடுக்கிற குளோன் கிளோன்னு இறங்காதீங்க. பையன் முதல்ல அசைன்மெண்டை முடிக்கட்டும், பென்டிரைவ்ல ஒரு நகல் எடுத்து வைக்கட்டும். மத்தது ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்.

பழைய_கிராணி | 11.10
அண்ணாச்சி என்ன ஆனாரு? 931ல கை வச்சுட்டாரா?

செம்பனை72 | மறுநாள் காலை 6.38
இல்லங்க, தூங்கிட்டேன். புதுசு இப்போ "டி" டிரைவ்னு தெரியுது. பையன் அனுப்பிட்டான். நன்றி தங்கச்சி. லாரி வந்துருச்சு, ஞாயித்துக்கிழமை வரேன்.

கெடாக்காரன் | 6.52
எதுக்கும் அந்த பவர் சப்ளையை ஒரு தடவை பாருங்க அண்ணே.