மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாமியாருக்குப் பத்தியச் சாப்பாடு போதுமா?

கேள்வி (செம்பூர், மும்பை):
78 வயதாகும் என் மாமியார், இடுப்பெலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சை முடிந்து சென்ற வாரம் வீடு திரும்பினார். புண் ஆறும்வரை தயிரும் பருப்பும் கூடாது, கஞ்சியும் ரசம் சாதமும்தான் பத்தியம் என்று உறவினர்கள் உறுதியாகச் சொல்ல, அவரும் அதையே நம்புகிறார். நான்கு வாய் உண்டதும் தட்டை நகர்த்திவிடுகிறார். வளையல்கள் மணிக்கட்டில் நில்லாமல் முழங்கைவரை ஏறி இறங்குகின்றன. நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்வதால் மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறார். டிஸ்சார்ஜ் தாளில் ‘சாதாரண உணவு’ என்று மட்டுமே இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில் (முலுண்ட், ஓய்வுபெற்ற செவிலியர்):
டிஸ்சார்ஜ் தாள் சொல்வதையே கேளுங்கள், அம்மா. புண் ஆறுவதற்கும், படுக்கையில் கிடந்து கரைந்த தசை திரும்புவதற்கும் புரதம் வேண்டும். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது குறைந்தது 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவும் இருக்க, தெளிந்த ரசத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். கஞ்சியை விட மனமில்லை என்றால், அதிலேயே பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து நெய் விட்டுக் கொடுக்கலாம். மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பிரித்தால் தட்டைப் பார்த்ததும் வரும் மலைப்பு குறையும். தண்ணீர் குடிக்கும்போது இருமலோ புரையேறுதலோ இருந்தால், அது விழுங்குவதில் உள்ள சிக்கலாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பதில் (மாட்டுங்கா):
பத்தியம் என்பது அவர்களுக்கு வாழ்நாள் நம்பிக்கை; மருமகள் மறுத்துப் பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, தயிரும் பருப்பும் சாப்பிடலாம் என்பதை மருத்துவரே அவர் முகம் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். என் தந்தையார் அப்படித்தான் இணங்கினார். பல்செட் தளர்ந்திருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூச்சத்தால் பெரியவர்கள் இவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. மதியம் பக்கத்து வீட்டு அம்மா யாராவது தம் சாப்பாட்டையும் எடுத்துவந்து உடன் உட்கார்ந்தால், இன்னும் இரண்டு வாய் நிச்சயம் இறங்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சிறுநீரகக் கோளாறு இல்லை. பசியின்மையை எதுவரை பொறுத்திருக்கலாம்?

பதில் (முலுண்ட்):
வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது 50 கிலோவில் இரண்டரைக் கிலோ குறைந்தாலோ, ஒரு நாள் முழுவதும் ஏறக்குறைய எதுவுமே உண்ணாமல் இருந்தாலோ, குறித்த தேதிவரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.