உளை வயல்ல முன் டயர் புதையுது, அகல டயர் போட்டா தீருமா?

கடைமடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், களிமண் வயல். வண்டி 45 எச்பி டிராக்டர், டூ வீல் டிரைவ் (பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும்), டயர் சைஸ் முன்னாடி 6.00-16 (அகலம் 6 அங்குலம், ரிம் 16 அங்குலம்), பின்னாடி 13.6-28, சேத்து உழவுக்கு பின்னாடி ஹாஃப் கேஜ் வீல் (டயரோட சேத்து மாட்டுற இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டி ரோட்டாவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டுறேன். பின் சக்கரம் பிரச்சனையே இல்ல, கேஜ் வீல் தாங்கிடுது. முன் டயர்தான் வாய்க்கால் ஓரமா இருக்குற ரெண்டு வயல்ல ஹப் (சக்கரத்தோட நடுக்குடம்) வரைக்கும் உள்ள போயிடுது, அப்புறம் ஸ்டியரிங்க எந்தப் பக்கம் ஒடிச்சாலும் வண்டி சேத்த தள்ளிக்கிட்டு நேராவே போவுது, ஒரு பக்கத்து பிரேக்க மட்டும் மிதிச்சுத்தான் திருப்ப வேண்டியிருக்கு. 7.50-16 போடுன்னு ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் முன் சக்கரத்துக்கும் இரும்பு வளையம் வெல்டிங் வச்சு மாட்டிக்கங்கறாரு. எது உருப்படி? சம்பா உழவுக்கு முன்னாடி முடிவு பண்ணனும்.

தாளடி:
முதல்ல காசு செலவில்லாதத பாருங்க. முன்னாடி பம்பர்ல வெயிட் தட்டு இருக்கா? டிரெய்லர் இழுக்க மாட்டுனத அப்படியே விட்டிருப்போம், சேத்துக்கு அது எதுக்கு, கழட்டிடுங்க. முன் டயர்ல பாரத்துக்காக தண்ணி ஏத்தியிருந்தா அதையும் இறக்கிடுங்க.

ஒர்க்‌ஷாப் அண்ணன்:
தம்பி ஒரு மனக்கணக்கு போட்டு பாருங்க. உங்க வண்டி சுமார் 1,900 கிலோன்னு வச்சுக்குவோம், டூ வீல் டிரைவ்ல அதுல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல முன்னாடிதான் நிக்கும், அதாவது ஒரு முன் டயர் மேல 330 கிலோ. 6.00 டயர் அகலம் 15 சென்டிமீட்டர், சேத்துல பாதி பதிஞ்சு 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு மண்ண தொடுதுன்னா சதுர சென்டிமீட்டருக்கு முக்கா கிலோ அழுத்தம். 7.50 போட்டா அகலம் 19, டயர் உயரமும் கூடுறதால தொடுற நீளமும் 35 கிட்ட வரும், அழுத்தம் அரை கிலோவுக்கு இறங்கிடும். உத்தேச கணக்குதான், ஆனா மூணுல ஒரு பங்கு குறையுறது உளை வயல்ல நல்லாவே தெரியும். உயரமான டயர் சேத்த முன்னாடி குவிச்சு தள்ளாம மேல ஏறிப்போகும், அகலத்த விட எனக்கு அதுதான் முக்கியமா படுது.

ஆனா பழைய ரிம்லயே 7.50 ஏத்தாதீங்க, அதுக்கு அகலமான ரிம் வேணும், குறுகின ரிம்ல ஏத்துனா டயர் நடுவுல உப்பி நிக்கும், அகலம் கூட்டி என்ன பிரயோஜனம்? ஃபுல்லா ஒடிச்சு டயர் எங்கயும் உரசாம இருக்கான்னும் பாத்துக்கங்க, உரசுனா முன் ஆக்ஸில் அகலத்த ஒரு ஓட்டை தள்ளி வச்சுக்கலாம். டூ வீல் டிரைவ்ங்கிறதால முன் டயர் சைஸ் மாத்துறது உங்களுக்கு தொந்தரவில்ல. ஃபோர் வீல் வச்சிருக்கவங்க இத படிச்சிட்டு முன்னாடி மட்டும் பெருசு பண்ணிடாதீங்க, முன் பின் சக்கரம் சுத்துற கணக்கு மாறிப்போயி கியர் தேஞ்சிடும்.

வெல்டிங் வளையம் வேணவே வேணாம். வளையம் வெளிய தள்ளி நிக்கும், வரப்புல ஏறும்போது மொத்த பாரமும் அதோட நுனில விழும், ஸ்டப் ஆக்ஸிலும் (முன் சக்கரம் மாட்டுற குட்டை அச்சு) ஹப் பேரிங்கும் அதுக்கு செஞ்சதில்ல. ஏற்கனவே ஹப் வரைக்கும் சேத்துல முங்குதுன்னா ஆயில் சீல் போயி கிரீஸ்ல சேறு கலந்திருக்கும், உழவு முடிஞ்சதும் ரெண்டு ஹப்பையும் பிரிச்சு பாத்துடுங்க.

வன்னி வயல்:
நான் கிளிநொச்சி. எங்கட பக்கமும் களி வயல்தான். உந்த அகல ரயர் போட்டா முன் சில்லு தாழாது, அது சரி, ஆனா சேத்துக்கு மேல வழுக்கிக்கொண்டு போகும், திருப்பினா உடன திரும்பாது. ஒடுக்கமான ரயர் கீழ இருக்கிற கெட்டி மண்ணில போய் பிடிக்கும், அதாலதான் சில பேர் மாத்தாம வச்சிருக்கினம். உங்கட வயலில கீழ கெட்டி மண் இருக்கோ இல்லையோ எண்டத முதல் பாருங்கோ.

தாளடி:
கிளிநொச்சிக்காரர் சொல்றதுதான் பாயிண்ட். நடவு வயல்ல ஒரு முழத்துக்கு உள்ளயே ஒரு கெட்டி அடுக்கு இருக்கும், வருஷா வருஷம் சேத்து உழவு ஓட்டி இறுகுனது, டயர் நிக்கிறதே அதுமேலதான். கோடைல சட்டிக் கலப்பை (வட்டத் தட்டு வச்ச கலப்பை) வச்சு ஆழமா உழுதீங்களா? உழுதிருந்தா அந்த அடுக்கு உடைஞ்சிருக்கும், எந்த டயர் போட்டாலும் புதையும். வாய்க்கால் ஓரம்னா கசிவு வேற. ஒரு கம்பிய எடுத்து வயல் முழுக்க குத்திப் பாருங்க, எங்க தட்டாம இறங்குதோ அங்க குச்சி நட்டு வச்சுட்டு அந்த இடத்த மட்டும் பவர் டில்லர் விட்டு ஓட்டுங்க. ஒரு மூலைக்காக ரிம்மு டயரெல்லாம் மாத்தணுமாங்கறதே என் கேள்வி.

கடைமடைக்காரன்:
அண்ணே ஆமாண்ணே, சித்திரைல சட்டிக் கலப்பை போட்டோம், கோரைக் களை தொல்லைக்காக. நல்லா ஆழமாத்தான். அப்ப காத்த குறைச்சா ஏதாவது பிரயோஜனம் உண்டா? இப்ப 32 பிஎஸ்ஐ இருக்கு.

ஒர்க்‌ஷாப் அண்ணன்:
கொஞ்சம் உண்டு, அதிகமா எதிர்பாக்காதீங்க. 8 பிளை (அடுக்கு) டயரு, பக்கவாட்டு சுவரு விறைப்பா நிக்கும், காத்த இறக்குனாலும் பெருசா பரவாது. சேத்துக்குள்ள மெதுவா ஓட்டுறப்ப 24 வரைக்கும் இறக்கலாம். அதுக்கும் கீழ போனா டயர் ரிம்ல வழுக்கி டியூப் வால்வ பிச்சிடும், நடு வயல்ல பஞ்சர் பாக்குற கொடுமை வேற. ரோட்டுக்கு ஏத்துறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சிடணும்.

அப்புறம் ரோட்டாவேட்டர தூக்கி வச்சா முன்னாடி பாரம் குறையும்ல, புதையுற இடம் வந்ததும் நிறுத்தாம லேசா தூக்கிக்கிட்டே தாண்டிடுங்க. நின்னுட்டா போச்சு, திரும்ப கிளம்புறப்பதான் தோண்டும்.

தாளடி:
மாட்டிக்கிட்டா பின் சக்கரத்துல கட்டை கட்டி முன்னாடி எடுக்குற வேலைய மட்டும் செஞ்சிடாதீங்க. சக்கரம் சுத்த முடியாம நின்னா எஞ்சின் பலம் வண்டியவே தூக்கும், மூக்கு மேல வந்து பின்னாடி கவுர ரெண்டு செகண்ட் கூட ஆகாது, கிளட்ச் மிதிக்க நேரம் இருக்காது. ரிவர்ஸ்ல வருதான்னு பாருங்க, வரலேன்னா சேத்த வெட்டி வழி பண்ணிட்டு இன்னொரு வண்டிய கெட்டித் தரைல நிறுத்தி நீளமான கயிறு போட்டு இழுங்க.

கடைமடைக்காரன்:
சரிண்ணே. நாளைக்கு கம்பி குத்திப் பாத்துட்டு எத்தனை இடம்னு சொல்றேன். வெயிட் தட்டு நாலு கிடக்கு, அத இன்னிக்கே கழட்டிடுறேன். இந்த பக்கம் 7.50 ரிம் பழசு யாருகிட்டயாவது இருந்தா சொல்லுங்க.