மறுமொழி: ‘குத்துமதிப்புச்சொல்’ – என் தரப்பு

வணக்கம் காக்கா (அண்ணே), குழுவுல உள்ள எல்லாருக்கும் வணக்கம். ‘எ ஃபியூ’, ‘செல்டம்’ மாதிரி எண்ணைச் சொல்லாம அளவையோ தடவையையோ சொல்ற இங்கிலீஷ் சொல்லுங்களுக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல ‘குத்துமதிப்புச்சொல்’னு பேரு வைக்கலாம்னு நான் சொன்னதுக்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் இது. > போட்ட வரி காக்கா எழுதுனது.

> ‘தெளிவற்ற அளவுச்சொல்’னே வச்சிரலாமே தம்பி, இங்கிலீஷ்ல ‘வேக் குவான்டிஃபையர்’னுதானே சொல்றாங்க, நேரா வந்துருது.

நேராத்தான் வருது காக்கா, ஆனா ‘தெளிவற்ற’ன்னு போட்டதும் பேசுறவங்களுக்கு ஏதோ எண்ணத் தெரியாத மாதிரி ஆயிருது. ‘எ ஃபியூ’, ‘கப்பிள் ஆஃப்’, ‘செவெரல்’, ‘ஒன்ஸ் இன் எ வைல்’ இதெல்லாம் எண்ண வேண்டிய அவசியம் இல்லாத இடத்துல தெரிஞ்சே சொல்றது. பாம்பன் கரையில கூறு போட்டு வச்ச சூடை மீனை ஏலம் கேக்குறவரு தராசு வச்சா கேக்குறாரு, கண்ணால ஒரு பார்வை, மனசுல ஒரு மதிப்பு, அது பிசகுனா நட்டம் அவருக்குத்தான். அந்த மதிப்புக்கு நம்மகிட்ட ஏற்கெனவே பேரு இருக்கு, குத்துமதிப்பு. அதைத்தான் எடுத்துக்கலாம்ங்கிறேன்.

குழுவுல லாத்தா (அக்கா) சொன்ன ‘தோராயச்சொல்’லும் எனக்கு ஒத்துவரல. தோராயம்னா பின்னாடி ஒரு சரியான எண் இருக்கு, அதுக்குப் பக்கத்துல நிக்கிறோம்னு அர்த்தம். ‘அபௌட் ஃபிஃப்டி’க்கு அது சரி. ‘செல்டம்’க்கு, அதாவது ‘அரிதா’ங்கிறதுக்குப் பின்னாடி எந்த எண் இருக்கு?

இன்னொண்ணு, இந்தச் சொல்லுங்க அளவை மட்டும் சொல்றதில்ல, பேசுறவரோட மனசையும் சொல்லுது. ‘எ ஃபியூ போட்ஸ்’னா நாலஞ்சு போட்டாச்சும் போயிருக்குங்கிற நிறைவு, ‘ஃபியூ போட்ஸ்’னா நாலஞ்சுதான் போச்சுங்கிற குறை. எண்ணிக்கை அதேதான், முன்னாடி இருக்குற அந்த ‘எ’ போச்சுன்னா எல்லாம் மாறிருது, ‘எ லிட்டில்’ – ‘லிட்டில்’ கதையும் இதுதான். பள்ளிக்கூடத்துல இதை மனப்பாடம் பண்ண வச்சாங்களே தவிர நம்ம ‘தான்’ இதே வேலையைச் சொல்லுக்குப் பின்னாடி நின்னு பண்ணுதுன்னு யாரும் காட்டல, அதைக் காட்டியிருந்தா பிள்ளைகளுக்கு ஒரு நிமிசத்துல புரிஞ்சிருக்கும்னு உறுதியா நம்புறேன்.

இங்கிலீஷ்ல இருக்குற இந்த மாதிரி சொல்லுக்கெல்லாம் நம்மகிட்டயும் கைவசம் இருக்கு. ‘ட்வென்ட்டி ஆட்’ = இருபத்துச் சொச்சம். ‘சிக்ஸிஷ்’ = ஆறு மணி வாக்குல. ஒரு வித்தியாசம் என்னன்னா, இங்கிலீஷ்ல ‘ஃபியூ’ன்னு எண்ணே இல்லாத சொல்லை வைக்கிற இடத்துல நாம அடுத்தடுத்த ரெண்டு எண்ணை ஒட்டிப் போட்டுருவோம், நாலஞ்சு, அஞ்சாறு, ஏழெட்டுன்னு, அதனால நம்ம குத்துமதிப்பு கொஞ்சம் நெருக்கமாவே இருக்கும். முந்திரின்னு 320ல ஒரு பங்குக்குப் பேரு வச்சுக் கணக்குப் பாத்த பாஷை இது, துல்லியமும் தெரியும், எங்க துல்லியம் வேண்டாங்கிறதும் தெரியும்.

> எத்தனை தடவைங்கிறதுக்கு ‘அலைவெண்’ இருக்கே?

வேண்டாம் காக்கா, அது இயற்பியல்ல ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வுன்னு எண்ணுற ஹெர்ட்ஸ் கணக்கு. புள்ளியியல்ல வர்ற ‘நிகழ்வெண்’ணும் எண்ணிப் பாத்துச் சொல்றதுதான். ‘ஹார்ட்லி எவர்’, ‘எவ்ரி நௌ அண்ட் தென்’, ‘அக்கேஷனலி’ இதுக்கெல்லாம் ‘தடவைச்சொல்’னு வச்சா மண்டபம் ஊர்க் கரையில மீனுக்கு ஐஸ் அடிக்கிற பையனுக்கும் புரியும். ரொம்ப அபூர்வமாங்கிறதுக்குச் சொல்ற ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ கூட இதுல சேரும், ஒரே மாசத்துல வர்ற ரெண்டாவது பௌர்ணமியை இப்ப அப்படிச் சொல்றாங்க, அது ரெண்டரை மூணு வருசத்துக்கு ஒருக்கா வந்துரும். ‘அத்தி பூத்த மாதிரி’ன்னு நாம சொல்ற அத்திப்பூவோ காய்க்கு உள்ளேயே பூக்கிறது, கண்ணுலயே படாது.

சரி, இதுக்கு ஏன் தனிக் கலைச்சொல்லுன்னு கேட்டவங்களுக்கு. வானிலை அறிக்கையில ‘ஓரிரு இடங்களில் மழை’ன்னு வருதுல்ல, அது இங்கிலீஷ் அறிக்கையில ‘ஐசொலேட்டட்’. வானிலைத் துறைக் கணக்குல மழை பதிவான நிலையங்கள் 25 சதவீதம் வரைக்கும் இருந்தா அந்தச் சொல்லு, 26லேருந்து 50 வரைக்கும் ‘ஒருசில இடங்கள்’, அதுக்கு மேல 75 வரைக்கும் ‘பல இடங்கள்’, அதையும் தாண்டுனா ‘பெரும்பாலான இடங்கள்’. ஆக பேச்சுல குத்துமதிப்பா இருந்த சொல்லு அங்க வரம்பு கட்டுன சொல்லா மாறிருச்சு. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்துக்குப் பயந்து ரேடியோ கேக்குற தொண்டிக்காரருக்கோ கீழக்கரைக்காரருக்கோ ஓரிரண்டுன்னா ஒண்ணு ரெண்டு ஊருதான், அறிக்கை சொல்ற பகுதியில கால்வாசி நிலையம் நனைஞ்சாலும் அது ஓரிருதான்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல. மருந்துலயும் இப்படித்தான், ஐரோப்பிய மருந்துத் தாள்ல ‘காமன்’னு போட்டிருந்தா நூத்துல ஒருத்தர்லேருந்து பத்துல ஒருத்தர் வரைக்கும், ‘ரேர்’னா ஆயிரத்துல ஒருத்தருக்கும் குறைவு, பத்தாயிரத்துல ஒருத்தர் வரைக்கும். அதை ‘பொதுவான பக்கவிளைவு’ன்னு தமிழ்ல போட்டா படிக்கிறவரு எல்லாருக்கும் வரும்னு நினைச்சு மாத்திரையையே நிறுத்திருவாரு. பேச்சுச்சொல்லையும் வரம்புச்சொல்லையும் பிரிச்சுக் காட்ட ரெண்டு பேரு வேணும், அதுக்காகத்தான் இவ்வளவு வாதாடுறேன்.

‘குத்துமதிப்பு’ கொச்சைன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. மதிப்பு நல்ல தமிழ், குத்தும் நல்ல தமிழ், சேர்ந்தா மட்டும் எப்படிங்க கொச்சையாகும்? கரையில புழங்குறதாலேயே ஒரு சொல்லு சொற்பட்டியலுக்கு லாயக்கில்லன்னு ஆயிராது.

ஆகவே பட்டியல்ல நான் போட நினைக்கிறது: பொதுப்பேரு குத்துமதிப்புச்சொல். உள்ள ரெண்டு பிரிவு, குத்துமதிப்பு அளவுச்சொல், குத்துமதிப்புத் தடவைச்சொல். வானிலை, மருந்து மாதிரி இடங்கள்ல வரையறை வச்சுப் புழங்குறதுக்கு வரம்புச்சொல். ‘வரம்புச்சொல்’ மட்டும் எனக்கு முழுத்திருப்தி இல்ல, ‘லிமிட்’டுக்கு வரம்புன்னு ஏற்கெனவே புழங்குறதால குழப்பம் வரலாம். அதுக்கு வேற சொல்லு தோணுறவங்க எழுதுங்க, காக்கா நீங்களும்.