புதுப்பிப்பு: கானாடுகாத்தான் பிரிண்டர் 'ஆஃப்லைன்' பிரச்சினை தீர்ந்தது

முன்கதை சுருக்கமாக: கானாடுகாத்தானில் ஓட்டலாக நடக்கும் ஒரு செட்டிநாட்டு வீடு. முகப்பில் ரிசப்ஷன் கம்ப்யூட்டர், உள்ளே இரண்டாம் கட்டில் பிரிண்டர். பிங் செய்தால் (நெட்வொர்க்கில் 'இருக்கிறாயா?' என்று கேட்டால்) பதில் வருகிறது, விண்டோஸ் மட்டும் 'ஆஃப்லைன்' என்றது. கேபிளைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. கேபிளில் குறை இல்லை.

காரணம் எஸ்என்எம்பி, அதாவது நெட்வொர்க்கில் உள்ள கருவிகளின் நிலையை விசாரிக்கும் முறை. பிரிண்டரின் நிலையை விண்டோஸ் யூடிபி 161-ஆம் போர்ட்டில் விசாரிக்கிறது. அப்போது கடவுச்சொல் போலக் கொடுக்கும் கம்யூனிட்டி பெயர் பொருந்தாவிட்டால் பிரிண்டர் வாயே திறக்காது. பெயர் தவறு என்றுகூடச் சொல்லாது. இங்கே பாதுகாப்புக்காகப் பிரிண்டரில் 'பப்ளிக்' என்ற வழக்கமான கம்யூனிட்டி பெயரை மாற்றியிருந்தார்கள். அது நல்ல வேலைதான். ஆனால் விண்டோஸ் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ், அதில் கான்ஃபிகர் போர்ட். அங்கே புதுப் பெயரைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக்கை எடுத்தாலும் அச்சாகும், பலர் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேப்பர் தீர்ந்ததா என்று பார்க்க ரிசப்ஷனில் இருக்கும் ஆச்சி ஒவ்வொரு தடவையும் வளவை (நடு முற்றப் பகுதியை) தாண்டி நடக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒன்று: எஸ்என்எம்பியின் முதல் இரண்டு பதிப்புகளிலும் இந்தக் கம்யூனிட்டி பெயர் மறைவில்லாமல் அப்படியே வயரில் போகும். அதனால் பிரிண்டரில் எழுதும் (அமைப்பை மாற்றும்) அனுமதியை மூடிவிட்டு, ரிசப்ஷன் ஐபிக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுத்திருக்கிறேன். நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச்சில் மூன்றாம் பதிப்பு இருக்கிறது. அங்கே யூசர் பெயர், பாஸ்வேர்டு, ஏஇஎஸ் குறியாக்கம் மூன்றையும் போட்டாயிற்று.